ஐரோப்பா கயிற்றைக் கீழே போட்ட நாள்

வரலாறு படிப்பிக்க வந்திருக்கும் உங்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் படிப்பிக்கும் இடத்துக்குக் கூரை இருக்கிறதா? சிரிக்கவேண்டாம். பாடத்திட்டத்தைப் பற்றியும் கைந்நூலைப் பற்றியும் உங்களுக்குச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கூரையைப் பற்றிச் சொல்ல நான் ஒருத்திதான் இருக்கிறேன். கூரை மழைக்காக மட்டும் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கற்பிட்டியில் பிறந்து, அந்தக் கரையிலேயே உயர்தர வகுப்புக்கு வரலாறு படிப்பித்து, போன வருஷம் ஓய்வுபெற்றவள் நான். எனக்குக் கோபக்காரி என்று பெயர். பாடுபட்டுச் சம்பாதித்த பெயர், ஆகவே இந்தக் கட்டுரையிலும் அதை விட்டுக்கொடுக்கமாட்டேன்.

எனக்குத் தொழில் பழக்கிய மூத்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். பெயரைச் சொன்னால் அவருடைய பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். மணி அடித்தால், வசனம் பாதியில் நின்றாலும் வெண்கட்டியைக் கீழே வைத்துவிட வேண்டும் என்பது அவருடைய சட்டம். "முழுக்கச் சொன்னா மறந்திடுவாங்க. பாதி சொல்லி விட்டா, மிச்சத்த அவங்களே யோசிச்சு முடிப்பாங்க" என்பார். நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். நல்ல புத்திமதிதான். ஆனால் அவர் சொன்னது பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பற்றி. வலை இழுக்கிறவர்களைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அப்போது நான் கண்டக்குழிப் பக்கம் ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அந்த வருஷம் சோளகக் காற்று எங்கள் உயர்தர வகுப்பின் தகரக் கூரையைக் கழற்றிக் கொண்டுபோய் ஒரு தென்னந்தோட்டத்தில் போட்டது. புதுக் கூரைக்கு எழுதினோம். பதில் வந்தது, கூரை வரவில்லை. மறுபடி எழுதினோம். இன்னும் நல்ல பதில் வந்தது.

கலைப்பிரிவில் ஏழு பிள்ளைகள், அதில் ஐந்து பேர் பெண்பிள்ளைகள். வகுப்பு நின்றால் அவர்கள் நகரத்துக்குப் பஸ் ஏறவேண்டும். வீட்டில் விடமாட்டார்கள். அடுத்த வருஷம் கல்யாணக் கார்ட்டோடு என்னைப் பார்க்க வருவார்கள். எனக்கு வேண்டியிருந்தது கொஞ்சம் நிழல், அவ்வளவுதான்.

நிழல் தந்தவர் சூசை சம்மாட்டி. சம்மாட்டி என்றால் கரைவலையின் சொந்தக்காரர். வலை, தோணி, கயிறு எல்லாம் அவருடையவை. கடற்கரையில் அவருக்கு ஓலைக் கிடுகு வேய்ந்த பெரிய வாடி ஒன்று, வலை வைக்கிற கொட்டகை, இருந்தது. அதில் பாதியை எங்களுக்கு விட்டார். அவருடைய மகள் தெல்மாவும் அந்த ஏழு பேரில் ஒருத்தி.

"படிப்பிங்க டீச்சர். ஆனா பிள்ளையள் வலைக்கு மேல கால் வைக்கப்படாது" என்றார். வேறு நிபந்தனை எதுவும் இல்லை.

கரைவலை பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். தோணி ஒரு கயிற்றின் நுனியைக் கரையில் விட்டுவிட்டு, கடலில் வலையை அரைவட்டமாக வளைத்துப் போட்டுக்கொண்டு போய், மற்றக் கயிற்றின் நுனியை எட்ட ஓர் இடத்தில் கரைக்குக் கொண்டுவரும். பிறகு வடக்குக் கயிற்றை ஒரு கூட்டமும் தெற்குக் கயிற்றை ஒரு கூட்டமும் அம்பாப் பாட்டுப் பாடி இழுப்பார்கள். இரண்டு பக்கமும் ஒத்து வரவேண்டும். ஒரு பக்கம் முந்தினால் வலை திருகிக்கொள்ளும், உள்ளே இருக்கும் மீன் போய்விடும்.

தோணி திரும்பும் வரைக்கும் இழுக்கிறவர்களுக்கு வேலை இல்லை. வாடியின் மற்றப் பாதியில் வலைக் குவியலில் சாய்ந்து கிடப்பார்கள். சம்மாட்டி ஒரு பிளாஸ்டிக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். தோணி கரையை அண்டியதும் வெளியே ஒருவர் துணியை வீசுவார், எல்லாரும் எழும்பிப் போவார்கள். பிறகு அம்பாப் பாட்டுச் சத்தத்தில் என் குரல் எடுபடாது. ஆகவே எங்கள் வகுப்புக்கும் அந்தத் துணிதான் மணி.

பாடம் உங்களுக்கும் தெரிந்த பழைய பாடம்தான். மத்தியகால ஐரோப்பாவின் நிலமானிய முறையையும் யப்பானின் நிலமானிய முறையையும் ஒப்பிடுக. ஒன்றையொன்று கண்டிராத, இடையில் பாதி உலகம் கிடந்த இரண்டு சமூகங்கள். இரண்டிலும் மேலே ஒரு பிரபு, அவனுக்குக் கீழே அவனுக்காக வாள் எடுக்கும் வீரன், எல்லாருக்கும் கீழே நெல்லோ கோதுமையோ விளைவிக்கும் குடியானவன். நான் கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு கீறினேன். இடது பக்கம் ஐரோப்பா, அதன் கீழ் ‘ஒப்பந்தம்’. வலது பக்கம் யப்பான், அதன் கீழ் ‘விசுவாசம்’. நாங்கள் எல்லாரும் இப்படித்தான் கீறுகிறோம், புள்ளியும் கிடைக்கிறது.

"அப்ப அந்தக் கடைசி ஆள் நாங்க தான்" என்று வலைக் குவியலிலிருந்து ஒரு குரல் வந்தது.

அது மரியதாஸ். வடக்குக் கயிற்றில் முதல் ஆளாக நிற்பவர். உடம்பில் சதை இல்லை, எல்லாம் வாயில்தான் இருந்தது. தெற்குக் கயிற்றின் முதல் ஆள் ஹனீபா நானா. சம்மாட்டி தும்முவதற்கு முன்பே துஆ சொல்லிவிடுகிற மனிதர். இவர்கள் இரண்டு பேரும் அன்று முழுவதும் எனக்குப் பின்பாட்டுப் பாடினார்கள். அந்தப் பிரபுவுக்கு வலை இருந்ததா, அந்த வீரனுக்குப் பெண்சாதி இல்லையா என்று கேள்விக்குமேல் கேள்வி. பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது.

"கேக்கிறதெண்டா ஒழுங்காக் கேளுங்க" என்று வெண்கட்டியால் அவர்களைக் காட்டிச் சொன்னேன். "வடக்குக் கயிறு ஐரோப்பா. தெற்குக் கயிறு யப்பான். நாளைக்கு ரெண்டு பக்கத்தையும் கேள்வி கேப்பன். மறுமொழி தெரியாதவங்க வாடிக்கு வெளியே!"

அது அவர்களுடைய வாடி என்பது எனக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் ஞாபகம் வந்தது.

அடுத்த நாளே அம்பாப் பாட்டுக்குள் யப்பான் புகுந்துவிட்டது. ஒரு கயிறு பிந்தினால் மற்றப் பக்கம் "ஐரோப்பாவுக்கு நித்திரையோ!" என்று கத்தும். தேத்தண்ணிக் கடையில்கூட ஐரோப்பாவுக்கு மூன்று பிளேன்டீ, யப்பானுக்கு நாலு என்றுதான் சொன்னார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். என்னுடைய பாடம் கடற்கரை வரைக்கும் போகிறதே என்று நினைத்தேன். பாடம் எவ்வளவு தூரம் போகிறது என்று பெருமைப்படுகிறவர்கள், அது எந்த வேஷத்தில் திரும்பி வரும் என்றும் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

மூன்றாவது நாள் சத்தியப் பிரமாணத்தைப் படிப்பித்தேன். ஐரோப்பாவில் வீரன் தலையணி இல்லாமல் முழந்தாளிட்டு, கூப்பிய கைகளைப் பிரபுவின் கைகளுக்குள் வைத்து, நான் உன் ஆள் என்று சத்தியம் செய்வான். பிரபுவும் அவனைக் காப்பதாக வாக்குக் கொடுப்பான். யப்பானில் பெரிய நிலப்பிரபுவுக்கு டைமியோ என்று பெயர். சம்மாட்டி அன்றைக்குக் கண்ணைத் திறந்துகொண்டு கேட்டார். மறுநாள் அவருடைய கதிரை மீன்பெட்டிகளின் மேல் ஏறியிருந்தது. கீழே இருந்தால் கடல் தெரியவில்லையாம். இருபது வருஷமாகத் தெரிந்த கடல்.

"டைமியோ சம்மாட்டி, தேத்தண்ணி கொண்டுவரவா?" என்று ஹனீபா நானா குழைந்தார். அன்றைக்குத் தெற்குக் கயிற்றுக்காரரின் கறிமீன் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

இந்தக் கறிமீன்தான் கதையின் முள். வலை ஏறியதும், மீனை விற்க முன்பே, இழுத்த ஒவ்வொருவரும் அன்றைய கறிக்குக் கொஞ்சம் மீன் கொண்டுபோவார். அது பங்கில் சேராது. எங்கும் எழுதியும் இல்லை. ஆனால் ஒரு மனிதன் கரைவலை இழுத்துவிட்டுக் கறிமீன் இல்லாமல் வீட்டுக்குப் போனால், அவன் என்ன குற்றம் செய்தான் என்று ஊர் கேட்கும்.

ஒருநாள் வடக்குக் கயிற்றுக்காரர் பாத்திரத்தோடு வந்து நின்றபோது சம்மாட்டி பெட்டிகளின் மேலிருந்து கையை விரித்தார்.

"நீங்க ஐரோப்பா தானே? உங்களுக்கும் எனக்கும் ஒப்பந்தம். பங்கு தந்தாச்சு. ஒப்பந்தத்தில கறிமீன் எங்க இருக்கு? அது விசுவாசத்துக்குக் குடுக்கிறது."

மரியதாஸ் என்னைப் பார்த்தார். நான் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இதற்குள் நான் ஏன் தலையிட வேண்டும், இரண்டு நாளில் அவர்களே சிரித்துச் சமாதானம் ஆகிவிடுவார்கள் என்று எண்ணினேன். அவர்கள் ஆகவில்லை. அந்தக் கிழமை மரியதாஸின் மனைவி பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

"டீச்சர், எங்கட ஆளை யப்பானுக்கு மாத்தி விடுங்க. வீட்டில கறி இல்ல."

இடமாற்றம் கொடுக்கிற அதிகாரம் எனக்கு இல்லை என்றேன். வேறு யாரிடம் போய்க் கேட்கவேண்டும் என்று கேட்டார்.

பிறகு அந்த நாற்பது நாள் பாடம் வந்தது. ஐரோப்பாவின் பல இடங்களில், வீரன் வருஷத்துக்கு நாற்பது நாள் பிரபுவுக்காகப் போருக்குப் போவது வழக்கம். "நாற்பது நாள் முடிந்தால், எதிரியின் கோட்டையைச் சுற்றி வளைத்து நிற்கிற நேரமாக இருந்தாலும் அவன் ஆயுதத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்" என்றேன். அந்த இடத்தில் வெளியே துணி வீசியது. பாடத்தின் மறுபாதி என் நாக்கு நுனியில் இருந்தது. மூத்த ஆசிரியரின் சட்டப்படி வெண்கட்டியைக் கீழே வைத்தேன்.

மரியதாஸ் ஒரு வார்த்தையும் பேசாமல் எழும்பிப் போனார். நீங்கள் என்னிடம் வேறெதையும் கற்காவிட்டாலும் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். வகுப்பில் வாயாடி ஒருவன் திடீரென்று வாய் திறக்காமல் எழும்பிப் போனால், அவன் பின்னாலேயே போய் என்ன யோசிக்கிறான் என்று கேட்டுவிடுங்கள்.

பருவம் தொடங்கி எத்தனை நாள் ஆயிற்று என்று அவர் அன்றைக்கே விரல் மடித்து எண்ணிப் பார்த்திருக்கிறார். நாற்பத்தோராம் நாள் காலையில் கடலில் நல்ல அறிகுறி தெரிந்தது. பறவைகள் ஓர் இடத்தில் விழுந்து விழுந்து எழும்பின. பாரைக் கூட்டம் என்றார்கள். தோணி வளைத்துக்கொண்டு வந்தது, துணி வீசியது, இரண்டு கயிறும் ஏறத் தொடங்கின. நான் வாடிக்குள் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கொடுத்திருந்தேன். அம்பாப் பாட்டு பாதியில் ஒற்றைப் பக்கமாகக் கேட்டது. பிறகு ஹனீபா நானா மூச்சுவாங்க ஓடிவந்தார்.

"டீச்சர்! ஐரோப்பா கயித்தக் கீழ போட்டிட்டாங்க!"

நான் வெளியே ஓடினேன். வடக்குக் கயிற்றுக்காரர் எல்லாரும் மணலில் காலை நீட்டி இருந்தார்கள். மரியதாஸ் சேர்ட்டை உதறித் தோளில் போட்டு, வீட்டுக்குப் போகத் தயாராக இருந்தார். கயிறு கடலுக்குள் வழுக்கிக்கொண்டு போனது. தெற்குக் கயிற்றுக்காரர் தங்கள் விசுவாசத்தை எல்லாருக்கும் காட்டிவிட வேண்டும் என்று முன்பைவிட இரண்டு மடங்கு வேகமாக இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலில் வலை ஒரு பக்கமாகத் திருகியது. சம்மாட்டி மீன்பெட்டிகளின் மேல் எழும்பி நின்று மாதாவைக் கூப்பிட்டார்.

இதற்குள் பக்கத்து விடுதியில் தங்கி, பட்டம் கட்டிக் கடலில் சறுக்குகிற வெளிநாட்டுக்காரர் நாலைந்து பேர் ஓடிவந்து, வழுக்குகிற கயிற்றைப் பிடித்துவிட்டார்கள். உல்லாசப் பயணிகளுக்காக வைத்த நிகழ்ச்சி என்று நினைத்திருக்கவேண்டும். சிரித்துச் சிரித்து ஆளுக்கொரு தாளத்தில் இழுத்தார்கள். இடையில் படமும் எடுத்தார்கள்.

"பாருங்க டீச்சர், உண்மையான ஐரோப்பாக்காரனே வந்திட்டான்" என்றார் மரியதாஸ். "இனி எங்களுக்கு என்ன வேல?"

"அதில அந்தப் பிள்ள யப்பானாம், டீச்சர்" என்றார் ஹனீபா நானா, ஒரு பெண்ணைக் காட்டி. "நான் கேட்டன். யப்பான் ஆள் ஐரோப்பாக் கயித்தப் பிடிக்கிறது சரியா?"

அந்த நேரத்தில் அவர் அதைத்தான் கேட்டார், கேட்டுவிட்டுத் தன் கயிற்றுக்கு ஓடினார்.

சம்மாட்டி என்னைப் பார்த்துக் கத்தினார். "எல்லாம் உங்கட பாடத்தால வந்தது! இந்த வலை ஒழுங்காக் கரைக்கு வராட்டி உங்கட வகுப்பும் இல்ல. நாளைக்கே கரும்பலகையத் தூக்கிக்கொண்டு போங்க!"

பின்னால் ஏழு பிள்ளைகளும் பேனையைப் பிடித்தபடி நின்றார்கள். சம்மாட்டி கோபத்தில் சொன்னாலும் சொன்னதைச் செய்கிற மனிதர். அந்த ஐந்து பெண்பிள்ளைகளின் படிப்பு இப்போது அந்தக் கயிற்றில்தான் இருந்தது.

நெருக்கடியில் நாங்கள் எல்லாரும் முதலில் ஓடுவது வேலையை விட்டவர்களிடம்தான். நான் அன்றைக்கு முதலில் நிறுத்தியது வேலை செய்துகொண்டிருந்தவர்களை. வலையைத் திருக்கியது மரியதாஸின் சோம்பல் அல்ல, யப்பானின் வீராவேசம்.

"ஹனீபா நானா! இழுக்கிறத நிப்பாட்டுங்க!"

"நிப்பாட்டினா விசுவாசம் கெட்டுப் போகுமே டீச்சர்!"

"வாய மூடிக்கொண்டு கயித்தப் பிடிச்சிட்டு மட்டும் நில்லுங்க!"

தெற்குப் பக்கம் நின்றது. நான் மரியதாஸிடம் போனேன்.

"மரியதாஸ், நாப்பது நாள் பாடத்தில பாதி மிச்சம் இருக்கு. நாப்பது நாள் முடிஞ்சா வீரன் போகலாம், அது சரி. ஆனா நிக்கவும் செய்யலாம். அப்பிடி நிண்டா அவனுக்குச் சாப்பாடு போடவேண்டியது பிரபு. அதுக்குப் பிறகு செலவெல்லாம் பிரபுட கையால."

மரியதாஸ் தோளிலிருந்த சேர்ட்டைக் கையில் எடுத்தார். "அத ஏன் அண்டைக்குச் சொல்லயில்ல?"

"துணி வீசினதும் நீங்க தானே எழும்பிப் போனீங்க!"

வடக்குக் கயிற்றுக்காரர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவர் மெல்லக் காலை மடக்கினார். பெட்டிகளின் மேலிருந்து சம்மாட்டி அவசரமாகக் குறுக்கிட்டார்.

"சாப்பாடா? அப்ப நான் ஒப்பந்தத்த விடுறன். வடக்குக் கயிறும் யப்பான்! எல்லாரும் யப்பான்! விசுவாசமா இழுங்க!"

எனக்குப் பொறுமை போய்விட்டது. "சம்மாட்டி, யப்பானிலயும் பாதிதான் சொல்லியிருக்கன். மிச்சத்தையும் கேளுங்க. கடலால படையெடுத்து வந்தவன்ட கப்பலெல்லாம் புயல்ல போச்சு. யப்பான் வீரன்மார் வென்றாங்க. ஆனா வென்றதில பங்கு போட ஒரு துண்டு நிலமும் இல்ல. விசுவாசம் எண்டு சும்மா இருந்தாங்களா? ஒருத்தன் குதிரையையும் சேணத்தையும் வித்துக்கொண்டு அவ்வளவு தூரம் போய், ஆட்சி நடத்தின பிரபுட வாசல்ல நிண்டு எனக்குப் பரிசு எங்க எண்டு கேட்டான். குடுக்க ஒண்டும் இல்லாமப் போன அந்த ஆட்சி பிறகு நிலைக்கயில்ல."

"ஆ?" என்றார் ஹனீபா நானா. "யப்பானும் கேட்டிச்சா?"

அவர் கையில் கயிறு தளர்ந்தது. அவருக்குப் பின்னால் நின்ற எல்லாருடைய கையிலும் தளர்ந்தது.

"டீச்சர், இனி ஒண்டுஞ் சொல்லாதீங்க!" என்று அலறினார் சம்மாட்டி.

நான் சொல்லவில்லை. சொன்னவள் தெல்மா. பேனையைக் காதில் செருகிக்கொண்டு தகப்பனிடம் போனாள். "அப்பா, கீழ இறங்குங்க. அவங்கட கைய உங்கட கைக்குள்ள எடுத்து வாக்குக் குடுக்கோணும். பாடத்தில அப்பிடித்தான்."

சம்மாட்டி கடலைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பெட்டிகளிலிருந்து பின்பக்கமாக இறங்கினார். அதற்குள் மரியதாஸும் ஆட்களும் எழும்பி, வெளிநாட்டுக்காரரின் கைகளுக்கு முன்னால் கயிற்றைப் பிடித்துவிட்டார்கள். சம்மாட்டி வந்து கையை நீட்டினார்.

"கயித்த விட்டிட்டுக் கை தர ஏலாது, சம்மாட்டி" என்றார் மரியதாஸ். "விட்டா வலை போயிடும். நீங்க தான் வைக்கோணும்."

சம்மாட்டி கயிற்றைப் பிடித்திருந்த மரியதாஸின் கைகளின் மேல் தன் கைகளை வைத்தார். "கறிமீன் எல்லாருக்கும்" என்றார், யாருக்கும் கேட்காத குரலில். "சத்தமா!" என்றேன் நான். பழக்கதோஷம். "கறிமீன் எல்லாருக்கும்! இண்டைக்குச் சாப்பாடும் என்ட!" என்று கத்தினார். அவர் கையை எடுக்க முன்பே கயிறு அசைந்தது. கயிற்றில் கை இருக்கும்போது இழுக்காமல் நிற்க எவராலும் முடியாது. சூசை சம்மாட்டி, கதிரையில் ஏறிய நாளிலிருந்து கயிறு தொடாத மனிதர், வடக்குக் கயிற்றில் இரண்டாவது ஆளாக நின்று அம்பாப் பாட்டுக்குத் தலையாட்டி இழுத்தார். தெற்குப் பக்கமும் ஒத்து எடுத்தது. யப்பான் பெண்ணும் வெள்ளைக்காரர்களும் கடைசியில் தொங்கிக்கொண்டு வந்தார்கள். திருகல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது.

வலையின் மடி கரை ஏறியது. எல்லாரும் சுற்றி நின்றோம். மரியதாஸ் முடிச்சை அவிழ்த்தார்.

உள்ளே சொறிமீன், யாரும் தின்னாத ஜெல்லிமீன். மடி நிறையச் சொறிமீன், கடற்பாசி, ஒரு பிடி சின்னச் சூடைமீன், கால் முறிந்த ஒரு பிளாஸ்டிக் கதிரை. பாரைக் கூட்டம் திருகலில் தப்பிப்போனதா, பறவைகள் எங்களை ஏமாற்றினவா என்று இன்றைக்கும் அந்தக் கரையில் இரண்டு கட்சி இருக்கிறது. அந்தக் கதிரையைப் பற்றி மட்டும் யாரும் பகிடி விடவில்லை. சம்மாட்டி அதைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"டைமியோ" என்றார் ஹனீபா நானா மிகவும் மரியாதையாக, "பரிசு?"

அந்த நிமிஷம் எனக்குப் பயம் வந்தது. வலை வந்துவிட்டது, ஆனால் வெறுமையாக வந்துவிட்டது. பங்கு போட ஒன்றும் இல்லாத வெற்றியைப் பற்றி இப்போதுதான் எல்லாருக்கும் சொல்லிவிட்டு நிற்கிறேன். சம்மாட்டி கோபப்படத்தான் போகிறார் என்று நினைத்து, கரும்பலகையை யார் தூக்குவது என்று கணக்குப் பார்த்தேன்.

சம்மாட்டி மகளைத் திரும்பிப் பார்த்தார். "அம்மாட்டச் சொல்லி வீட்டில இருக்கிற கறிச்சட்டிய எடுத்து வா. கடையில எங்கட பேர் சொல்லிப் பாண் வாங்கு."

"நேத்தையக் கறி மட்டும்தான் அப்பா இருக்கு."

"நேத்தையது எண்டா இன்னும் நல்லம். சட்டியோட வரட்டும்."

சட்டி வந்தது. அதற்குப் பின்னால் சம்மாட்டியின் மனைவி ஏசிக்கொண்டே வந்தார். சுற்றி இருந்த பசித்த முகங்களைப் பார்த்ததும் ஏச்சை நிறுத்திவிட்டு, பாணைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்துக் கை கையாகக் கொடுத்தார். வடக்குக் கயிறு, தெற்குக் கயிறு, பிள்ளைகள், வெளிநாட்டுக்காரர் எல்லாரும் மணலில் இருந்து சாப்பிட்டார்கள். சம்மாட்டிக்குக் கடைசியில் சட்டியைத் துடைக்கத்தான் கிடைத்தது. அவர் அதைத் துடைத்துச் சாப்பிட்டார். எனக்கு அழுகை வந்தது. கறி உறைப்பு என்று சொல்லிச் சமாளித்தேன்.

"நாளைக்குக் கரும்பலகைய எடுக்கிறதா, சம்மாட்டி?" என்று கேட்டேன். கேட்காமல் வீட்டுக்குப் போனால் எனக்கு நித்திரை வராது.

"என்னத்துக்கு எடுக்கிற? இருக்கட்டும்" என்றார். "ஆனா ஒண்டு டீச்சர். இனி எந்தப் பாடத்தையும் பாதியில விடப்படாது. துணி வீசினாலும் சரி, வீசாட்டியும் சரி."

"ஓம்" என்றேன்.

அவர் விரலை நக்கினார். பிறகு சும்மா கதைக்கிற குரலில், "இது முடிஞ்சா அடுத்தது என்ன பாடம்?" என்று கேட்டார்.

"பிரான்சியப் புரட்சி."

"அதில சம்மாட்டிமாருக்கு என்ன நடக்குது?"

பாதியில் விடக்கூடாது என்று அவர்தான் சொன்னார். ஆகவே சொன்னேன், தலை போகும் இடம் வரைக்கும். மரியதாஸ் மிகவும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தையும் பேசாமல். சம்மாட்டி மரியதாஸைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"டீச்சர்" என்றார், "பள்ளிக்கூடக் கூரைக்கு எத்தின தகரம் வேணும்?"

எங்கள் கடிதங்களால் வராத கூரை அந்தக் கிழமையே வந்தது. சம்மாட்டியின் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் தகரம் வந்தது, இரண்டு கயிற்றுக்காரரும் ஏறி அடித்தார்கள். சம்மாட்டி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஹனீபா நானா மேலிருந்து ஆணி கேட்டால் அவரே எடுத்துக் கொடுத்தார். கறிமீனும் அன்றிலிருந்து எல்லாப் பாத்திரத்திலும் விழுந்தது. என்னுடைய ஏழு பிள்ளைகளும் கூரைக்குக் கீழே வந்து சேர்ந்தார்கள். ஏழு பேரும் பரீட்சை எழுதினார்கள்.

நடுவில் கோடு கீறி ஒப்பிடுகிற பழக்கத்தை நான் அதோடு விட்டுவிட்டேன். நீங்கள் கீறத்தான் போகிறீர்கள், தெரியும், கேள்வித்தாள் அப்படி இருக்கிறது. கீறுங்கள். ஆனால் கோட்டின் இந்தப் பக்கத்து மனிதனுக்கும் அந்தப் பக்கத்து மனிதனுக்கும் பின்னேரம் கறி வேண்டும் என்பதையும் எங்கேயாவது ஒரு மூலையில் எழுதிவையுங்கள்.

புரட்சியைப் படிப்பித்த நாளைச் சொல்லி முடிக்கிறேன். கடல் கொந்தளித்த நாள், வலை போடவில்லை. புதுத் தகரத்துக்குக் கீழே பாடத்தைத் தொடங்கி, எதற்கோ தலையைத் திருப்பினேன். எங்கள் பள்ளிக்கூடத்துச் சுவர்கள் அரைச்சுவர்கள். பாடம் வாடியை விட்டுப் போனால் ஆட்களுக்குக் கேட்காது என்று கணக்குப் போட்ட சம்மாட்டி அதை மறந்துவிட்டார். அரைச்சுவருக்கு வெளியே வரிசையாகத் தலைகள் தெரிந்தன: ஐரோப்பா முழுவதும், யப்பான் முழுவதும். அவர்களுக்குப் பின்னால் பூவரச மரத்தின் கீழ், வெறும் தரையில் வைத்த பிளாஸ்டிக் கதிரையில், கழுத்தைத் தடவிக்கொண்டு சூசை சம்மாட்டி இருந்தார்.

மணி அடித்தது. நான் வெண்கட்டியைக் கீழே வைக்கவில்லை.